பாலத்தில் கொடுத்த வாக்கு: வீரர் தர்ஸ்டன் அவர்களுக்கு ஹார்ஸ்வெல் கோட்டைத் தோழர்களின் பாராட்டு மடல்

வாளினும் வாக்கே வலிதென வாழ்ந்த வீரத் திருமகனே! வடபுலத்துப் பனியிலும் புயலிலும் எம்மை வழிநடத்திய தலைவரே! இன்று கவசம் களைந்து, ஆப்பிள் தோப்புக்கு ஓய்வெடுக்கச் செல்லும் தங்களை நெஞ்சம் நெகிழ வணங்குகிறோம்.

தங்கள் வெற்றிகள் பல. நாங்கள் மறவாதது ஒன்று.

நம் பிரபுவின் மகள் ஏவிஸைக் கவர்ந்துசென்று மலைக்கோபுரத்தில் அடைத்தான் ஃபல்க். மீட்கச் சென்ற தங்கள் குதிரையின் கடிவாளத்தைக் கோபுரத்தின் கீழுள்ள ஆற்றுப் பாலத்தருகே ஒரு தாய் பற்றினாள்.

"ஐயா, தப்பெல்லாம் என் மகன் மேலதான். பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. அவன் உசிரை மட்டும் விட்டுடுங்க."

"சரிம்மா. என் கையால அவன் சாகமாட்டான்."

நம் தோழர் வைமண்ட் பதறினார். "என்னய்யா இது! அவன் உங்களைக் கொல்லத்தானே வர்றான்!"

"வாக்கு குடுத்தாச்சு. திருப்பிக் கேக்கவா முடியும்?" என்றீர்கள்.

கொல்ல வந்தவனோடு கொல்லாமல் பொருதினீர்கள்! ஈட்டிகள் முறிந்தன, வாள்கள் மோதின, பாலத்தின் ஈரப் பலகையில் ஃபல்க் சறுக்கி விழுந்தான். தங்கள் வாள்முனை அவன் தொண்டையில் நின்றது. "வெட்டுங்க!" என்று கத்தினோம். தாங்களோ பின்வாங்கி, "எந்திரி. பொண்ணை அனுப்பு" என்றீர்கள். எழுபவன்போல் குனிந்தவன் குறுவாளைத் தங்கள் தொடையில் பாய்ச்சினான்.

தங்கள் வாள் உயர்ந்தது. கரையில் அந்தத் தாய் முகத்தை மூடிக்கொண்டாள். இறங்கிய வாள் தட்டையாகத் திரும்பி அவன் மணிக்கட்டில் விழுந்தது. குறுவாள் ஆற்றோடு போனது.

"உங்கம்மா கேட்டாங்கடா. இல்லேன்னா இந்நேரம் நீ இல்ல."

ஃபல்க் கரையைப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினான்.

கோபுரத்திலிருந்து இறங்கிய ஏவிஸ், "இவ்வளவு மெதுவாவா சண்டை போடுவாங்க? மேலேருந்து பாத்து எனக்கு உசிரே போயிடுச்சு!" என்று சொல்லிக்கொண்டே தன் முக்காட்டைக் கிழித்துத் தங்கள் காயத்தைக் கட்டினாள். அன்று முதல் தாங்கள் சாய்ந்து நடக்கிறீர்கள், ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

விருந்து மண்டபத்துப் பாடகர்கள் இக்கதையைப் பாடும்போது ஃபல்க்கின் தலையைக் கொய்துவிடுகிறார்கள். கேட்போருக்கு அதுவே பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் தாங்கள் எழுந்து, "பொய். அவன் இங்கதான் உக்காந்து சாப்பிடறான்" என்று சொல்லத் தவறியதில்லை.

தோப்பு பூத்துக் குலுங்க, நோயும் பகையும் தீண்டாது, நெடுங்காலம் நிம்மதியாய் வாழ்க!

தங்கள் அன்பு மறவா,
ஹார்ஸ்வெல் கோட்டை வீரர்கள்

அவர்களில் ஒருவனாகி, அவர்கள் சார்பில் இம்மடலை வாசிப்பவன்,
ஃபல்க்