கைப்பிடி இல்லாத படி

அந்தக் கேக்கைத் தைரியமா சாப்பிடுங்க சார். அதுல நான் ஒண்ணும் கலக்கலை. சனிக்கிழமை இந்த வீட்டை வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்குன்னு சுட்டது. அப்பா போயிட்டதால யாரும் சாப்பிடலை, சும்மா கிடந்து காயுது.

வந்ததுல இருந்து நீங்க அந்தப் படியையேதான் பார்த்துக்கிட்டிருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான். லண்டன்ல இருந்து ரயில் ஏறி, இந்த க்ளாஸ்டர்ஷயர் மேட்டுக்கு மூச்சு வாங்க நடந்து வர்றதே அதுக்காகத்தான். எங்கப்பா ஆம்ப்ரோஸ் கீட் இந்த ஹேஸல்கோட் வீட்டைத் தன் கையாலயே கட்டினார். கல்லு பின்னாடி இருக்கிற குன்றுல வெட்டினது. ஓக் மரம் அவரே சாய்ச்சு, அவரே அறுத்தது. படியில ஒரு இரும்பாணி கிடையாது, எல்லாம் மரமுளை. அதுல பாதி முளை சின்ன வயசுல நான் சீவிக் குடுத்தது. கைப்பிடி மட்டும் வைக்கலை. வச்சா வளைவோட அழகு போயிடும்னுட்டார்.

எங்கம்மா மில்லிசென்ட்டுக்கு இடுப்பு சரியில்ல. மாடிக்குக் குழாய் கிடையாது. குழாய் ஏறினா அது வீடு இல்ல, ஆஸ்பத்திரின்னு அப்பா சொல்லுவார். அதனால அவர் முகம் கழுவ அம்மாதான் தினமும் வெந்நீர்க் குடுவையைத் தூக்கிக்கிட்டு ஏறணும். ஒரு சனிக்கிழமை, வந்தவங்க முன்னாடியே அம்மா கேட்டாங்க.

"ஆம்ப்ரோஸ், ஒரு கயிறாவது கட்டிக் குடுங்களேன்."

"கயிறா? இது என்ன கப்பலா மில்லி? பாய்மரமும் கட்டித் தரட்டுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

போன நவம்பர்ல அம்மா குடுவையோட விழுந்தாங்க. ஒரு வாரம் கிடந்துட்டுப் போயிட்டாங்க. ஈஸ்டருக்கு அப்பா வழக்கம்போல வீட்டைத் திறந்தார். படி உச்சியில நின்னுக்கிட்டு, "என் மனைவிக்கு இந்தப் படின்னா உசுரு"ன்னார். நான் சமையலறையில ரொட்டி வெட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது சார். ஆனா கத்தலை. இந்த வீட்டுல யாருக்கும் கத்துற பழக்கம் கிடையாது. ரொட்டியை வெட்டி முடிச்சேன்.

அப்பாவுக்கு ஒரு கொள்கை. மரத்துமேல எதையும் பூசக் கூடாது. வார்னிஷ் பூசினவன் பொய் சொல்றவன். தண்ணியும் மணலும் போட்டுத் தேய்க்கணும், அவ்வளவுதான். நான் பிறந்ததுல இருந்து அப்படித்தான் தேய்ச்சோம். அந்த ஈஸ்டருக்கு அப்புறம் அவர் பட்டறைக்குப் போற நேரமாப் பார்த்து, நம்ம தேன்கூட்டு மெழுகையே உருக்கி, டர்பன்டைன் கலந்து, மேல் படிகள்ல தடவ ஆரம்பிச்சேன். அள்ளி அப்பினா வாசனை காட்டிக் குடுத்திடும். மெல்லிசாத் தடவி, ஃபிளானல் துணியால தேய்ச்சு விடணும். அடுத்த வாரம் இன்னொரு பூச்சு. பொறுமை வேணும் சார், அதுவும் ஒரு வேலைதான்.

கண்டுபிடிச்சிடுவார்னுதான் நினைச்சேன். காலமெல்லாம் ஓக் மரத்தோட கிடந்த மனுஷன். ஒருநாள் குனிஞ்சு படியைத் தடவினார். சரி, மாட்டினோம்னு நின்னேன். நிமிர்ந்தா கண்ணு கலங்கியிருக்கு.

"ஹெஸ்டர், இங்க வா. இந்தப் பளபளப்பைப் பாரு. ஒரு சொட்டு எண்ணெய் படலை. இத்தனை வருஷம் நம்ம காலு தேய்ச்சுக் கொண்டுவந்த மெருகு. எந்தக் கடைக்காரனாவது இதை டப்பாவுல அடைச்சு விப்பானா?"

"அவன் எங்கே விப்பான், அப்பா?"ன்னேன்.

அதுக்கப்புறம் வர்றவங்களை எல்லாம் மண்டி போட வச்சுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். செல்டன்ஹாம்ல இருந்து வந்த ஒரு அம்மா தொட்டுட்டு அழுதே அழுதுட்டாங்க. நான் ஏப்ரனை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் மறுபடி ஆத்திரம். யார் காலு தேய்ச்சதாம்? தினம் வெந்நீர் தூக்கினவங்க பேரு அவர் வாயில வந்துச்சா?

மரத்துல தடம் விழும்னு இந்த வீட்டுல பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் நடக்கணும். அவர் பிறந்த நாளுக்கு நான் நல்ல கம்பளிக் காலுறை பின்னிக் குடுத்தேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். நடுவுல வீடு பார்க்க வந்த ஒரு பெரியவர் வழுக்கி மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டார். "டவுன் காலு, படியேறத் தெரியலை"ன்னு அப்பா கேலி பண்ணினார். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாதியில நிறுத்த முடியுமா?

போன சனிக்கிழமை உச்சியில நின்னு, ரெண்டு கையையும் விரிச்சுப் பேசிக்கிட்டே ஒரு அடி எடுத்து வச்சார். சத்தம் கேட்டதும் நான் கெட்டிலை அடுப்புல இருந்து இறக்கி வச்சுட்டுத்தான் போனேன். அவருக்கு நினைவு இருந்துச்சு.

"வழுக்கிடுச்சு ஹெஸ்."

குனிஞ்சு காதோரமாச் சொன்னேன். "மெழுகுப்பா. ஈஸ்டர்ல இருந்து நான்தான் பூசுறேன்."

எலும்பு ஒடிஞ்சதுக்குக்கூட அவர் முகம் அப்படி மாறலை சார். மெழுகுன்னு கேட்டதும்தான் மாறுச்சு. அந்த முகத்தோடதான் போனார்.

டாக்டர் வயசாளி தவறி விழுந்துட்டார்னு எழுதிட்டார். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா காலையில நீங்க உங்க கான்ஸ்டபிள்கிட்ட என்ன சொன்னீங்க? "ஒரே வருஷத்துல ரெண்டு சாவு. படி கட்டினதே தப்பு. கைப்பிடி போடாம இனி ஒருத்தரையும் உள்ள விடக் கூடாதுன்னு எழுதிடுவோம்." அதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலை. அதான் உட்கார வச்சுச் சொல்றேன். கைப்பிடின்னா அந்த ஓக்ல துளை போடணும், இரும்பு இறக்கணும். அதுக்கு நான் விடமாட்டேன். மெழுகை எல்லாம் நேத்தே சுரண்டி எடுத்துட்டேன், வேணும்னா ஏறிப் பாருங்க. கொன்னது நான். என் பேரை எழுதிக்கோங்க. படி மேல ஒரு குத்தமும் கிடையாது.

என்ன கேட்டீங்க? அப்போ எங்கம்மா ஏன் விழுந்தாங்கன்னா?

அவங்க பார்த்து ஏறியிருக்கணும் சார்.