பூங்காவுக்கு வந்த மண்

டவுன்ஹால் பக்கம் துணி எடுக்க வருகிற பெண்கள், கால் கடுத்தால் கடைப்படியில் உட்காருவார்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் எழுந்து அடுத்த படிக்குப் போவார்கள். அன்னூரிலிருந்தும் சோமனூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களுக்கு நம் ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அங்கே ஒரு பூங்கா வேண்டுமென்று நான் நினைத்தது அதனால்தான்.

என் பெயர் சென்னகிருஷ்ணன். பம்ப்செட் தொழிலை மகனிடம் விட்டுவிட்டுப் பூங்காக் குழுவுக்குத் தலைவராக இருந்தேன். காலியாகக் கிடந்த பழைய குடோன் இடம் கிடைத்தது. அரசுப் பணமும் ஒதுக்கினார்கள். என்னோடு வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கியவர் கரீம். பக்கத்துச் சந்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தப் பூங்காவை அவரைப்போல் விரும்பியவர் வேறு யாருமில்லை. எங்களுக்குள் பகை கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இடத்தின் நடுவில் ஒரு பழைய கிணறு இருந்தது. திட்டப்படி அதை மூடிப் புல் வளர்க்க வேண்டும். கரீம் மூடக்கூடாது என்றார். ஊற்று இருக்கிறது, தூர் வாரினால் பூங்காவுக்கே தண்ணீர் ஆகும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடத்தை மாற்றினால் எல்லாம் மறுபடி சென்னைக்குப் போகும். மார்ச் முடிந்தால் பணம் திரும்பிவிடும். எடுத்துச் சொன்னேன். அவர் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முன் தண்ணீரை என் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்றார்.

மறுநாள் காலை காலி பாட்டிலோடு வந்தார். செருப்பை மேலே கழற்றிவிட்டு, கற்படிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சற்று நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது.

"சார், ஊத்து உசுரோட இருக்குதுங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்போது மண் லாரி உள்ளே வந்தது. டிரைவர் நஞ்சப்பன் பின்பக்கமாகவே ஓட்டிவந்து கிணற்றருகே நிறுத்தினார். ஜன்னலில் தலையை நீட்டி, "உள்ளார ஆரோ பேசறாப்ல இருக்குதுங்களே?" என்றார்.

"எதிரொலிங்க. கொட்டுங்க," என்றேன்.

நான் யாரையும் தொடவில்லை. லாரி போனபின் அந்தச் செருப்பையும் உள்ளே போட்டேன். வேலையாட்கள் தடுக்கி விழக்கூடாது. அடுத்த லோடு வரும்வரை அங்கேயே நின்றேன். ஒருமுறை "சார்" என்று கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவர் மனைவி ஆமினா பீவி தேடிக்கொண்டு வந்தபோது, கரீம் இங்கே வரவில்லை என்று சொன்னேன். அவரை என் காரில்தான் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுக்க வைத்தேன். இப்போதும் சாயங்காலம் பூங்காவுக்கு வந்து உட்காருகிறார். தகவல் ஏதாவது உண்டா என்று கேட்பார். இல்லைங்க என்பேன். "நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் இருக்கறேனுங்க" என்பார்.

நஞ்சப்பன் உங்களிடம் சொன்னது சரி. கரீம் உள்ளே உயிரோடு இருப்பது தெரிந்துதான் மண்ணைக் கொட்டச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நாளைக்குத் தோண்டும்போது மட்டும், எடுத்தவுடன் இயந்திரத்தை விட்டுவிடாதீர்கள். புல்லைப் பாளம் பாளமாக வெட்டி நிழலில் வைத்துவிட்டுத் தோண்டுங்கள். திரும்பப் பதித்தால் பிடித்துக்கொள்ளும். அது பொதுச் சொத்து. கரீம் இருந்தால் அவரும் இதைத்தான் சொல்வார்.