செல்லோவுக்குள் என் வயிறு

இதுவரை அறுநூறு படங்களில், அறுநூறு அம்மாக்கள் உயிர்விடும்போது, பின்னணியில் என் வயிறு உறுமியிருக்கிறது. குறைத்துத்தான் சொல்கிறேன், சீரியல்களை நான் சேர்க்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற செல்லோக்காரன்; செல்லோ என்றால் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மென்பொருள் கம்பெனி என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டது. அந்த மென்பொருளை வாங்கிய இசையமைப்பாளர் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால் போதும், என் செல்லோ அழும். முடித்துவிட்டுத்தான் சாப்பாடு என்றார்கள். மூன்று மணிக்கு, கடைசியாக, அடிமட்டச் சுரத்தை மிக மெலிதாக இழுத்தபோது என் வயிறு நீளமாக ஒரு உறுமல் போட்டது. சுருதி விலகவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிவு செய்பவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

என் மாப்பிள்ளை இதை நம்பவில்லை. "போன மாசம் இடிக்கே சுருதி சேர்த்தேன்னு சொன்ன ஆள்தானே மாமா நீங்க?" என்றார். இடி சம்பவம் உண்மை.

பிறகு அவருக்கு இசையமைப்பாளராக முதல் படம் வந்தது. அம்மா சாகும் காட்சிக்கு இசை போட்டு வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்து கேட்பார். பிடிக்காவிட்டால் படம் கைமாறும். ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. செல்லோவுக்கு எந்த மென்பொருள் என்பதுதான் பாக்கி. மூன்றைப் போட்டுக் காட்டி, "உங்க காதுக்கு விட்டுட்டேன் மாமா, நீங்களே சொல்லுங்க," என்றார்.

முதலாவது அருமை. இரண்டாவது மோசமில்லை. மூன்றாவது என்னுடையது, எந்தக் கம்பெனி என்று அவரிடம் நான் சொன்னதே கிடையாது. மூன்றாவதற்குக் கண்ணீர் விட்டேன். கண்ணீர் எனக்கு எப்போதும் கைவசம் உண்டு. கலைக்காகத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை அவர் முதல் உறுமலைக் கேட்டார். கேபிளை மாற்றினார். ஃபேனைக் கழற்றினார், ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜை நிறுத்தினார், நாலு லிட்டர் பால் திரிந்தது. மாடிவீட்டுக்காரரோடு சண்டை போட்டதில் அந்த மனிதர் வீட்டையே காலி செய்துகொண்டு போனார். வியாழக்கிழமை என் மகள் தன் புருஷனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். மெடிக்கல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

திரும்பி வரும்போது பொறுக்கமாட்டாமல், "மாப்பிள்ளை, அது என் வயிறு," என்றேன்.

"மாமா, இந்த நேரத்துல விளையாடாதீங்க," என்றார். அவரைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் மென்பொருளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு வரவேண்டிய டைரக்டர் இரண்டரைக்கு வந்தார். யாரும் சாப்பிடவில்லை. திரையில் அம்மா கண்ணை மூடினாள். செல்லோ தாழ்ந்தது. உறுமல் வந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா கடைசியா ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கே. இது என்ன வாத்தியம் தம்பி?"

மாப்பிள்ளை பதில் தேடுவதற்குள், சோபாவில் இருந்த என் வயிறே பதில் சொன்னது. அதே சுருதி, அதே நீளம், அதே சோகம். டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரைவிட நிதானமாக மாப்பிள்ளை பார்த்தார்.

மறுநாள் காலையில் நான் சாப்பிட உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்து என் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மற்றொரு கையில் மைக் இருந்தது.

"அது உங்க வயிறுதான் மாமா, ஒத்துக்கறேன். டைரக்டர் இன்னும் ஏழு சீனுக்கு அதே சத்தம் கேட்டிருக்கார். மூணு மணி வரைக்கும் பச்சைத் தண்ணிகூட கிடையாது."