கொங்கா விழும் சத்தம்

பதினோரு மணி நேரம் இருபது நிமிடம் அந்தச் சிவப்பு பல்ப் எரிந்தது. ஐந்து வாட் பல்ப்தான். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு செலவாகியிருக்கும். எதையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். புத்தூரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு நிதானமாகத்தான் பேச வரும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் அதுவும் வராது. இந்த அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருப்பதால் சொல்ல முடிகிறது.

‘கொங்கா பொடியன்’ கார்ட்டூனை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கொங்கா ஒரு கொக்கு. பொடியன் ஒரு நண்டு. கொக்கு நண்டைப் பிடிக்கப் போகும். ஒவ்வொரு முறையும் பாறை தலையில் விழும், அல்லது அதுவே பாறையிலிருந்து விழும். நான்கு வினாடியில் எழுந்துகொள்ளும். அதில் பேச்சே கிடையாது. அடி, விழுதல், கத்தல், அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் சித்தூரில் வேதாச்சலம் என்பவர் வரைந்தது. கத்தல்களை அவருடைய மனைவி கிருஷ்ணம்மா கொடுத்திருந்தார். இருவரும் இப்போது இல்லை. அதைத் திரும்பவும் டிவியில் கொண்டுவந்தவர் பிரபாகர் சார். புதிதாக வரைய ஆள் கிடைத்தது. பழைய ஒலி நாடாக்கள்தான் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன.

அலிபிரி போகும் சாலையில் இருக்கும் அவருடைய ஸ்டூடியோவுக்கு நான் கோப்புகளை அடுக்கி வைக்கும் வேலைக்குத்தான் போனேன். ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்து, கொங்கா விழும் காட்சியைப் பார்த்தபடி கத்தினேன். எங்கள் வீடு நகரியில். நைனாவுக்கு மூன்று விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. சின்ன வயதில் எனக்குக் கோபம், அழுகை, சந்தோஷம் எல்லாமே அங்கேதான். அந்தப் பழக்கத்தில் கத்தினேன். பிரபாகர் சார் கதவருகே நின்று கேட்டிருக்கிறார்.

“எவ்ளோ நாளா இத்த உள்ளயே வச்சிக்கினு இருந்தே?” என்று கேட்டார். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

யாராவது பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் பதிவு அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக்கு அவரே திரை தைத்துப் போட்டார். பதிவு அறைக் கதவுக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தால், உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் யாரும் தட்டக்கூடாது, திறக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. கட்டுப்பாட்டு அறை மேசையிலேயே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு எல்லாம் எனக்காகத்தான். நன்றியோடு இருந்தேன். ஒன்றரை வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கத்தல்கள் கொடுத்தேன். கொங்காவும் நான்தான், பொடியனும் நான்தான். வெளியே ஸ்டூடியோ ஆட்கள் கத்தலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து போவார்கள்.

முதல் எபிசோடு வருவதற்கு முன்னால் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். நைனாவை அழைத்துப் போனேன். தறியை நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பிள்ளைகள் எல்லாம் அட்டையில் செய்த கொக்கு மூக்கு மாட்டியிருந்தார்கள். கொங்கா விழுந்தது. மண்டபமே சிரித்தது. பிரபாகர் சார் மைக்கைப் பிடித்து, அந்தக் கத்தல்கள் எல்லாம் கிருஷ்ணம்மாவுடையவை, பழைய நாடாக்களிலிருந்து மீட்டெடுத்தோம், ஒன்றைக்கூடப் புதிதாகப் பதிவு செய்யவில்லை என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். டிவி சேனலுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நைனா எழுந்தார். “சார், அது எங்க பொண்ணு கத்தறதுங்க. எங்க தறி வூட்ல கத்திக்கினு இருப்பாளே, அதே கத்தல்தாங்க.”

“பெரியவரே, இது முப்பது வருஷத்துக்கு முந்தி பதிவு பண்ணது. உங்க பொண்ணு அப்ப பொறந்தே இருக்காதே.”

சிரித்தார்கள். நைனா உட்காரவில்லை. பிரபாகர் சார் மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். “நீயே செப்பும்மா சுமித்ரா. இல்லன்னா ஒரு தடவ கத்திக் காட்டு. எல்லாரும் கேக்கட்டும்.”

அவ்வளவு பேருக்கு நடுவில் என்னால் முடியாது என்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். திரை தைத்துப் போட்டவர் அவர். என் வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அது ஸ்பீக்கரில் கேட்டது. முன்வரிசையில் ஒரு பிள்ளை என்னைப் போலவே வாயைத் திறந்து மூடிக் காட்டியது. அதற்கும் சிரித்தார்கள்.

பஸ் புத்தூர் தாண்டியது. நைனா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “எங்கிட்ட எதுக்கும்மா பொய் சொன்னே? நீ கோப்பு அடுக்கற வேல செஞ்சாலும் எனக்குப் பெருமதானே,” என்றார்.

நான் சத்தியம் செய்யவில்லை. கத்திக் காட்டவும் இல்லை. பஸ் நிறைய ஆட்கள்.

அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லி பிரபாகர் சார் போன் செய்தார். கடைசி எபிசோடுக்கு ஒரு நீண்ட கத்தல் குறைகிறதாம். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனேன். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அவர் நைனாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று கேட்கலாம் என நினைத்தேன். பேப்பரில் போட வேண்டாம், டிவியில் சொல்ல வேண்டாம். நைனாவிடம் மட்டும்.

சாலையில் பஸ் சத்தம் அதிகமாகும் முன்னால் பதிவை முடிப்பது வழக்கம். அதனால் ஏழு மணிக்கே போய்விட்டேன். சவுண்டு இன்ஜினியர் சுனில் ஒரு கல்யாணத்துக்காகப் பலமனேர் போயிருந்தார். பிரபாகர் சாரும் நானும்தான். பதிவு அறைக்குள் மேல்மூலையில், சத்தத்தை அடக்க ஒட்டியிருக்கும் சுவர்ப்பஞ்சு ஒன்று பிய்ந்து தொங்கியது. அதை ஒட்டுவதற்கு மடக்கு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்றேன். ஏணியை நான் பிடித்திருக்கவில்லை. பிடிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. நான் தள்ளவில்லை, மேடம். இதில் சந்தேகம் வேண்டாம். கேட்க வந்ததைக் கேட்டேன். “நைனாகிட்ட மட்டும் சொல்லிடுங்க சார்.”

அவர் திரும்பாமலே சொன்னார்: “குரல்னு ஒன்னு இருந்தா மண்டபத்துலயே கத்தியிருப்பியேம்மா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது ஏணி ஆடியது. பாறைச் சத்தத்துக்காக வைத்திருக்கும் சிமெண்டுக் கட்டியின் மேல் இடுப்பு பட விழுந்தார்.

அவர் போட்ட சத்தம் எங்கள் நானூற்றுப் பன்னிரண்டில் எதைப் போலவும் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

“இடுப்பு போயிட்ச்சும்மா. கண்ணனக் கூப்புடு, ஆம்புலன்ஸ் சொல்லு,” என்றார். “இதோ சார்,” என்று வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. கட்டுப்பாட்டு அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன். அப்போது மணி ஏழு பத்து. பல்பைப் போட்டேன். பதிவையும் போட்டேன். உள்ளே பேசும் பொத்தானை அழுத்தி, கேட்டதையே திரும்பக் கேட்டேன். நைனாவிடம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் உடனே ஆள் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். அது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எட்டரைக்கு, சார் கூப்பிடச் சொன்ன கமலக்கண்ணன் அண்ணன் டீ கொண்டுவந்தார். டீ, கூட்டிப் பெருக்குதல், சாவி எல்லாம் அவர் பொறுப்பு. தாழ்வாரத்தில் சத்தம் கேட்டிருக்கிறது.

“இன்னாம்மா, இன்னிக்கி சாரே கொங்காவா?”

“ஆமாண்ணே.”

“நல்லாத்தான் கத்தறாரு. உன்ன வுட மேல போலக்கீதே.”

டீயை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். பல்ப் எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தது. ஒன்பதரைக்கு எடிட்டிங் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களும் கதவைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர் அந்தக் கத்தலைப் போலவே கத்திக் காட்டியது எனக்குக் கேட்டது. சாருடைய போன் மேசையில் எட்டு முறை அடித்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

உடைந்த இடுப்பெலும்பு உள்ளே ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னீர்கள். அது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மணிக்கு மேல் ஹெட்போனில் காற்றாடிச் சத்தம் மட்டும்தான். இருந்தாலும் ஆறரை வரை காத்திருந்தேன். பிறகு பல்பை அணைத்து, கதவைத் திறந்து பார்த்து, அண்ணனைக் கூப்பிட்டேன். சார் தனியாகப் பதிவு செய்கிறார் என்று நினைத்தேன், நான் பழைய எபிசோடு கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

நானாக ஏன் வந்தாய் என்று முதலில் கேட்டீர்களே. மூன்று நாளாக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் போலீஸ் ஆட்கள் விபத்து என்று எழுதினார்கள். சுனிலிடம் ஏணியைப் பற்றிக் கேட்டார்கள், அண்ணனிடம் நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது, வாயே திறக்காது என்று என் எதிரிலேயே ஒருவர் சொன்னார். செய்தது நான். அதிலும் என் பெயர் இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹார்டு டிஸ்க்கை உங்களிடம் கொடுத்துவிட்டேன். பதினோரு மணி நேரக் கோப்பு. கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் கேட்டுப் பார்த்ததாகவும், அதில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னீர்கள். மீதியைக் கேட்க ஆள் போட வேண்டும் என்றீர்கள்.

இப்போது பேனாவை வைத்துவிட்டு, என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி, முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு கேட்கிறீர்கள்: “ஒரே ஒரு வார்த்தைக்காக இவ்ளோ நேரம் ஒக்காந்துக்கினு இருந்திருக்கே. அந்த மனுஷன் அத்தக் கடேசி வரைக்கும் சொல்லவே இல்லயாம்மா?”

அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம். நீங்கள் கோப்பைக் கேட்கும் வரைக்குமாவது இருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

“சொன்னாரு, மேடம். கத்தனதெல்லாம் நீதாம்மா, உங்க நைனா கால்ல வுழுந்து நானே சொல்றேன்னு அழுதாரு. இருபத்திரண்டாவது நிமிஷத்துல.”