மிஸ்கின் காதுமடல் கிழிந்த விதம்

காவல் ஆய்வாளர் ஐயா, இந்த அகால நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னிக்கவும். மருத்துவமனையில் குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். விடியும்வரை பொறுத்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

என் பெயர் ரூலா. வயது 26. முஹன்னதின் மனைவி. இர்பித் நகரில் மாமனார் வீட்டு மாடியில் வசிக்கிறேன். மருந்துக் கடையில் வேலை. திங்கள் காலை நான் தங்களிடம் கொடுத்த வாக்குமூலம் பொய். நடந்தது பின்வருமாறு.

என் மகள் மிஸ்குக்கு ஐந்து மாதம். இரண்டாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அதன் பிறகு கீழ்வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி இப்திசாம், தன் மகன் லெய்துடன் இவளுக்கும் பால் கொடுத்து வந்தார். அதன் பிறகு மிஸ்க் என்னிடம் புட்டி குடிக்க மறுத்தாள். வேலை முடிந்து வந்து தூக்கினால் அவள் தலைமுடியில் இப்திசாமின் ஏலக்காய்க் காப்பி வாசம் அடிக்கும். குளிப்பாட்டிய பிறகுதான் மடியில் வைத்துக்கொள்வேன். "உன் மகளுக்கு ரெண்டு உம்மா. உனக்கென்னடி கசக்குது?" என்று மாமியார் சிரிப்பார்.

ஞாயிறு மாலை நான் கீழே போனபோது மிஸ்கின் காதுகளில் தங்கத் தோடு இருந்தது. இப்திசாம் என்னைக் கேட்காமல் குத்தியிருந்தார். இடது காதில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"தொடாதே ரூலா! அரை மணி நேரமாக் கசிஞ்சு இப்பத்தான் நின்னுருக்கு."

"எம் பிள்ளையத் தொட உங்கிட்ட அனுமதி வாங்கணுமா, உம் லெய்த்?" லெய்தின் உம்மா என்பதால் வீட்டில் அவரை அப்படித்தான் அழைப்போம்.

அதன் பிறகு நான் அவர் கையைத் தட்டிவிட்டு, திருகைக் கழற்றாமலே தோட்டைப் பிடித்து இழுத்தேன். மடல் கிழிந்தது. அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. காரில் மூன்று துண்டுகள் நனைந்தன. யார் செய்தது என்று மருத்துவர் கேட்டபோது நான் இப்திசாமைக் காட்டினேன். இப்திசாம் என் முகத்தைப் பார்த்தாரே தவிர மறுத்துப் பேசவில்லை. மருத்துவமனையிலிருந்து தகவல் வந்து தாங்கள் விசாரித்தபோதும் அதையே சொன்னேன். அதன் பிறகு தாங்கள் அவரை அழைத்துச் சென்றீர்கள்.

இன்று மாலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காயம்பட்டால் ரத்தக் குழாயின் சுவரில் தட்டணுக்கள் போய் ஒட்டிக்கொண்டு அடைக்க வேண்டுமாம். அவற்றை ஒட்டவைக்கும் பொருள் மிஸ்கின் ரத்தத்தில் பிறவியிலேயே இல்லையாம். காது குத்தியபோது இப்திசாம் அரை மணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடித்ததை மருத்துவரிடம் சொன்னேன். "முதல்ல குத்தினப்போ அழுத்தியே நிறுத்திட்டாங்களே, பொறுமைசாலிதான் அவங்க" என்றார் மருத்துவர். அதைக் கேட்டபோதும் எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் பதிவு செய்துகொள்ளவும்.

மருந்து ஏற்றியதில் கசிவு குறைந்துள்ளது. ஆனால் இரண்டு நாளாகக் குழந்தை புட்டியில் வாய் வைக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள். நான்தான் என்று தெரிந்ததும் அழுகிறாள். இப்திசாமை விடுவித்து இங்கே அனுப்பி வையுங்கள். காவலில் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

யாரும் சொல்லிக்கொடுத்து இதை நான் எழுதவில்லை. திரும்ப வாசித்துப் பார்த்தேன்; எல்லாம் நடந்ததே.

(ஒப்பம்) ரூலா

தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.