நூலக மாடியில் நின்றவன்

– படி எந்தப் பக்கம் இருந்துச்சு சார்?

– எந்தப் படி?

– பழைய நூலகத்துக்கு வெளிய, மாடிக்குப் போற இரும்புப் படி. முன்னால நின்னு பாத்தா எந்தக் கைப் பக்கம்?

– வெள்ளத்தப் பத்திக் கேப்பேன்னு வரச் சொன்ன. வந்தா படியப் பத்திக் கேக்கிற. இதுவா இந்தப் பல்கலைக்கழகத்தோட வரலாறு?

– சொல்லுங்க சார். ரெக்கார்டர் ஓடுது.

– வலப்பக்கம்.

– யோசிச்சுச் சொல்லுங்க.

– இதுல யோசிக்க என்ன இருக்கு? தினம் அதுல ஏறிப் போய்த்தான் சிகரெட் பிடிப்போம். நடுவுல ஒரு படி வேற ஆடும். ஏன் தம்பி, மூஞ்சி இப்படிப் போகுது?

– இதுவரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்து பேசின பழைய மாணவர் அத்தனை பேரும் இடப்பக்கம்னுதான் சொன்னாங்க.

– அத்தனை பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?

– இந்த ஆண்டு மலரப் பாருங்க. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் போட்டது.

– அட, நம்ம படம். வெள்ளத்துல ஒருத்தன் மாடியில நின்னு படகுக்குப் புத்தகக் கட்ட வீசுறான். இரு, இரு. இதுல படி இடப்பக்கம் இருக்கே!

– அச்சகத்துல ஃபிலிமத் திருப்பிப் போட்டதுல இடம் வலம் மாறிடுச்சு. அதுக்கப்புறம் வந்த எல்லா மலர்லயும் அதே தப்பு. மாடி வெள்ளத்துலயே போச்சு, மிச்சக் கட்டடத்தையும் அப்பறம் இடிச்சாச்சு. அதனால அன்னைக்கு அங்க நிக்காம, படத்தயே பாத்துப் பாத்து ஞாபகம் வச்சிருக்கிறவங்க இடப்பக்கம்பாங்க. சரியான நெகட்டிவ் என்கிட்ட இருக்கு.

– அடப்பாவி. நீ போலீஸ்ல சேந்திருக்கணும். எங்க பழைய மாணவர் சங்கத் தலைவர் கூடவா மாட்டினார்?

– அவர்தான் முதல்ல மாட்டினார். மாடியில கூடவே நின்னு புத்தகம் எடுத்துக் குடுத்தாராம். சொல்லும்போது அழுதுட்டார்.

– அவனா! தூறல் போட்டதுமே அத்தை வீட்டுக்கு ஓடினவன். அந்த அழுகை இதுல பதிவாகியிருக்கா?

– இருக்கு.

– அழிச்சிடாத. சங்கக் கூட்டத்துல போட்டுக் காட்டணும்.

– சார், நீங்க ஒருத்தர்தான் நிஜமாவே அங்க இருந்திருக்கீங்க. இப்பக் கேக்கிறேன். மாடியில நிக்கிறது யாரு?

– உனக்குத் தெரியாதா?

– நான் சொன்னா செல்லாது. உங்க வாயால வரணும்.

– யாருக்குச் செல்லாது?

– பதிவாளருக்கு. வெள்ளத்துல செத்த மாணவங்க பேரக் கல்லுல வெட்டி வாசல்ல வைக்கிறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் கல் வெட்டுறவர் வந்து பேரெல்லாம் வாங்கிட்டுப் போறார். இவர் பேர் அதுல இல்ல. நேர்ல பாத்த ஒருத்தர் சொன்னா சேத்துக்கிறேன்னு பதிவாளர் சொல்லியிருக்கார்.

– உனக்குக் கல்யாணம் ஆச்சா?

– சார்?

– கேட்டா சொல்லேன்.

– ஆச்சு. ஒரு பொண்ணு.

– அம்மா?

– என்கூடத்தான் இருக்காங்க.

– நடமாட்டம் இருக்கா? கண்ணு நல்லாத் தெரியுதா?

– நீங்க பேச்ச மாத்துறீங்க. மாடியில நிக்கிறது யாரு?

– ஆந்தை.

– என்னது?

– விடுதியில அவனுக்கு அதான் பேரு. ராத்திரி ஐஸ் ஃபாக்டரியில வேலை. விடிஞ்சதும் வந்து என் கட்டில்ல விழுவான். நான் எந்திரிச்சு கிளாஸுக்குப் போவேன். ஒரே கட்டில்ல ரெண்டு ஷிஃப்ட்.

– படிக்கிறவர் எதுக்கு ஐஸ் ஃபாக்டரிக்குப் போகணும்?

– படிச்சாத்தானே? ரெண்டாம் வருஷமே பரீட்சையில கோட்டை விட்டான். பதிவேட்டுல இருந்து பேர எடுத்துட்டாங்க. வீட்டுக்குச் சொல்லல. லீவுல போகும்போது என் புத்தகத்தக் கடன் வாங்கித் தூக்கிட்டுப் போவான்.

– பொய்.

– எது பொய்?

– அவர் என் அண்ணன் சார். அன்னைக்கு இங்க இருந்த அதிகாரிங்களும் இதத்தான் சொன்னாங்க. உங்க பையன் எங்க மாணவனே இல்ல, பேர எடுத்து நாளாச்சுன்னு. பொறுப்பக் கைகழுவப் பொய் சொல்றாங்கன்னு அப்பா சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். அந்தப் பொய்யக் கண்டுபிடிக்கத்தான் நான் இந்த ஆவணக் காப்பகத்துக்கே வேலைக்கு வந்தேன்.

– கண்டுபிடிச்சியா?

– இங்க இருக்கிற எல்லாக் கட்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் சிக்கல.

– சிக்காது. அவங்க பொய் சொல்லல தம்பி. சொன்னது உங்கண்ணன்.

– மாணவனே இல்லாதவர் எதுக்கு உயிரக் குடுத்துப் புத்தகத்தக் காப்பாத்தணும்?

– படகுல இருந்து நானும் அதத்தான் கத்திக் கேட்டேன். மேல இருந்து சொல்றான், "இந்த ஒரு இடத்துலதான்டா என்ன மாணவர் அட்டை கேக்காம உள்ள விட்டாங்க"ன்னு. நூலகர் அம்மாவுக்கு அவன் கதை தெரியும். கடைசி வரைக்கும் தெரியாத மாதிரியே இருந்துட்டாங்க.

– வீட்ல அவர் இப்படியெல்லாம் பேசினதே இல்ல.

– எங்க பேசுறது? உங்கப்பாதான் தெருவுல போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் எம்பையன் இன்ஜினியர், எம்பையன் இன்ஜினியர்னு சொல்லிட்டிருந்தாராமே.

– சரி சார். பெயிலானார், பேர எடுத்தாங்க, எல்லாம் இருக்கட்டும். நீங்க ஒரே ஒரு வரி சொல்லுங்க. மாடி இடிஞ்சு அவர் தண்ணியில போனத என் கண்ணால பாத்தேன்னு. மாணவரா இல்லயாங்கிறத நான் பதிவாளர்கிட்டச் சண்டை போட்டுக்கிறேன்.

– அவ்வளவு முக்கியமா அந்தக் கல்லு?

– எனக்கில்ல. அம்மாவுக்கு. உடம்பு கிடைக்கல. கிடைக்காததால இன்னமும் கதவு தட்டினா அவங்கதான் முதல்ல எந்திரிக்கிறாங்க. அந்த வயசுல, முட்டியப் பிடிச்சிக்கிட்டு. ஒரு கல்லு இருந்தா கூட்டிட்டு வந்து காட்டி, போதும்மா, இங்க இருக்கான் பாருன்னு சொல்லலாம். அதோட முடியும்.

– அந்த வரிய நான் சொல்ல முடியாது தம்பி.

– ஏன்? அங்கதான இருந்தீங்க?

– இருந்தேன். அவன் வீசின கட்டப் பிடிச்சதே நான்தான்.

– மாடி இடிஞ்சதப் பாத்தீங்களா இல்லயா?

– பாத்தேன்.

– அப்பறம் என்ன?

– அத முதல்ல அணை.

– அணைக்கக் கூடாது. இங்க விதி அது.

– இங்க பாரு, இனிமே சொல்லப் போறது பல்கலைக்கழக வரலாறு இல்ல. உங்க வீட்டு விஷயம். அணை.

– அணைச்சாச்சு. சொல்லுங்க.

– மாடி இடிஞ்சப்ப அதுல யாரும் இல்ல.

– என்ன சொல்றீங்க?

– அதுக்கு முன்னாலயே படகுல குதிச்சிட்டான். ரெண்டு பேரும் மேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்துக் கிடந்தோம். மறுநாள் பேப்பர்ல, காணாமப் போனவங்கன்னு போட்டு இவன் பேரும் வந்திருந்துச்சு. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தான். அப்பறம், "பெயிலானவனா வீட்டுக்குப் போறதுக்கு இது பரவாயில்லடா"ன்னான். நான் திட்டினேன், அடிக்கக் கூட அடிச்சேன். கேக்கல. ரயில் ஓட ஆரம்பிச்சதும் போய் ஏறிட்டான்.

– எழுந்து வெளிய போங்க சார்.

– போறேன். கோபப்படு, நியாயந்தான்.

– அப்பா அந்தப் பேப்பரத் தலைமாட்டுல வச்சிட்டே செத்தார். இத்தனை வருஷம் வாயத் திறக்காதவர் இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? கல்லுல பேர் வந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?

– எனக்கு ஒண்ணும் இல்ல. கீழ வண்டியில உக்காந்திருக்கான், மேல வரட்டுமான்னு உன்னக் கேட்டுட்டு வரச் சொன்னான்.