சர்க்கரை என்றுதான் சொன்னாள்

எனக்கு வயது நாற்பத்தாறு. புகார் மனுவில் கண்ட முகவரியில், மூன்றாவது மாடியில், கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் குடியிருந்து வருகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்கிறேன். இறந்துபோனவர் என் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக். எதிரியாகக் காட்டப்பட்டிருப்பவர் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார். அவர் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. புகார் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். தம்பிக்கு நோய் இருப்பது தெரிந்தும் தங்கை மறைத்துவிட்டாள் என்பது அவர் புகார். சம்பந்தப்பட்ட நேரத்தில் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான் என்பதால் என்னை அழைத்து விசாரிக்கிறீர்கள்.

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒத்துப்போகாது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய வீடு அது. அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நம் ரத்தத்தில் உள்ள புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்குமாம். உடம்பில் ஏதாவது ஒரு மூலையில் புற்று தொடங்கினால், சில புரதங்களில் அந்தச் சங்கிலியின் நுனி மாறிப்போகுமாம். அந்த மாற்றத்தை வைத்து, கட்டி வெளியே தெரிவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இது எனக்கே பின்னால்தான் விளங்கியது. என் மாமியார் அக்கம்பக்கத்தில் மகளைச் சர்க்கரை டாக்டர் என்று சொல்லிவந்தார். மாமனாருக்குக் கடைசிவரை சர்க்கரை வியாதி இருந்ததால், சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்தால் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பார்கள். அவளும் திருத்தித் திருத்திச் சலித்து, சாப்பாட்டுக்குப் பின்பு என்றே சொல்லப் பழகிவிட்டாள்.

என் கணவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊசியும் குழாய்களும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோய் இல்லாதவர்களின் ரத்தம் வேண்டும் என்றாள். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். "எடுத்துக்கோ, நம்ம குடும்பத்துலயே நல்ல ரத்தம் என்னோடதுதான்" என்றார். அதன் பிறகு என்னிடமும் என் மகளிடமும் எடுத்தாள். குழாய்களில் பெயர் எழுதவில்லை, எண்தான் போட்டாள். ஆனால் தன் கையால் போட்ட எண் அவளுக்கு மறக்குமா?

அதன் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், சொல்லிக்கொள்ளாமல் வந்து சமையலறையில் நின்றாள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "அண்ணா, உன் ரத்தத்துல சர்க்கரை மாறியிருக்கு. ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாரு." அதற்கு அவர், "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு வராம இருக்குமா?" என்று சிரித்தார். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அண்ணன் எப்படியும் டாக்டரிடம் போவார், டாக்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார் என்று நினைத்தேன் அண்ணி என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை முதல் அவருடைய தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன். மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிற மனிதர், என்னைத் திட்டிக்கொண்டே குடித்தார். அதன் பிறகு நாங்கள் இருவரும் கிளினிக்குக்குப் போனோம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். என் தங்கச்சி, பெரிய விஞ்ஞானி என்று இவர் சொல்ல, டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாத்தனார் சொன்னது ஒரு விஷயத்திலாவது தப்பாகிப் போனதில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வாசலில் இருந்தபடியே அவளுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார். "உன் மிஷின் ரிப்பேர். நான் வேணா வந்து பாக்கட்டா?" என்றார். அதற்கு அவள், "அந்தச் சர்க்கரை இல்லண்ணா, இது வேற. நேர்ல வந்து சொல்றேன்" என்றாள். இவர், "வா வா, வரும்போது ஸ்வீட் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் வரவில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவை, உறுதியாகும் முன் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாதென்று அவளுடைய மேலதிகாரி தடுத்தாராம். புற்று இல்லாமல் வெறுமனே ஈரல் வீங்கினாலும் அந்தச் சங்கிலியின் நுனி மாறுமாம். ஊரைக் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது என்று அவளும் பயந்திருக்கிறாள். மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு வரலாம் என்று இருந்துவிட்டாள். அது உறுதியானபோது என் கணவரின் கண்கள் மஞ்சளாகியிருந்தன.

அதன் பிறகு ஸ்கேன் எடுத்ததில் கணையத்தில் கட்டி இருப்பதும், அது ஈரலுக்குப் பரவியிருப்பதும் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் தினமும் வந்து கட்டிலின் கால்மாட்டில் நிற்பாள், உட்கார மாட்டாள். ஒருநாள் இவர் கண்ணைத் திறந்து, "உன் மிஷின் சரியாத்தான் ஓடுது" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், கோபமே இல்லை. அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். மழைக்காலம் முடியும் முன் என் கணவர் இறந்துவிட்டார்.

எங்கள் கட்டடத்து லிப்டில் ஒரு பழைய கோளாறு உண்டு. யாரும் அழுத்தாமலேயே எங்கள் மாடிக்கு வந்து நின்று கதவு திறக்கும். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் சரிசெய்தவர் இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். இப்போதும் அது வந்து நிற்கிறது. கோளாறுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கதவு மூடும்வரை உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சரிசெய்ய ஆளைக் கூப்பிட மனம் வரவில்லை. அவருடைய ரத்தம் இன்னும் ஆராய்ச்சி நிலையத்துக் குளிர்பெட்டியில் இருக்கிறது. நோய் தெரியும் முன் எடுத்த ரத்தம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகமாம். அதிலிருந்து துளித்துளியாக எடுத்து இன்றும் சோதிக்கிறார்கள். ஆளைப் புதைத்த பிறகும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

புகார் கொடுத்த என் கணவரின் அண்ணன், நேற்று கடைக்கு வந்து என்னைத் தனியே அழைத்து, "நீ எதுவும் கேக்கலன்னு சொல்லிடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படிச் சொன்னால் என் நாத்தனாருக்கு வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம் என்பது எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க யோசித்தேன், ஆசையாகவும் இருந்தது. ஆனால் நான் கேட்டேன். சமையலறையில் ஒருமுறை, போனில் ஒருமுறை. அவள் மறைத்தாள் என்று சொல்ல என்னால் முடியாது. சொன்னாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற வாரம் அவள் வீட்டுக்கு வந்தாள். நெடுநேரம் என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே போன பிறகு, "அவகிட்ட இன்னொரு தடவை கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். முன்பு எடுத்த குழாயைப் பார்த்தாயா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

என்னிடம் சொல்லாமல் இருக்க அவளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீங்கள் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே அவளை விசாரிக்கும்போது என் கணவரைப் பற்றிக் கேட்பதற்கு முன், என் மகளின் குழாயில் என்ன கண்டாள் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் வேறு அர்த்தம் வராதபடி விளக்கமாகச் சொல்ல வைத்து, எழுதி, என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், அறிந்த உண்மையை மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)
இறந்தவரின் மனைவி

என் முன்பாக,
(கையொப்பம்)
காவல் ஆய்வாளர்